முதலில் கோழி

பறவை டாக்டர் ஆகவேண்டும் என்று என்னிடம் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு மக்காவ் படத்தைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நீலமும் மஞ்சளுமாக யாரோ ஒருவர் தோளில் அது உட்கார்ந்திருக்கும். நான் கேட்கிற முதல் கேள்வி, ‘வீட்ல கோழி இருக்கா?’ என்பதுதான். இல்லை என்றால், சமயநல்லூரிலிருந்து தேனூர்ப் பக்கம் விடியற்காலையில் ஒரு நடை போய், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பஞ்சாரத்தைத் தூக்குகிற நேரத்தில் நின்று பாருங்கள் என்பேன். எந்தக் கோழி முதலில் ஓடுகிறது, எது பின்தங்குகிறது, எது தீனியைப் பார்த்தும் பார்க்காதது போல நிற்கிறது. கொத்துகிற மாதிரி குனிந்து, ஒன்றையும் எடுக்காமல் நிமிர்கிற கோழி ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் இந்தத் தொழிலுக்கு வரலாம்.

நம்மிடம் பறவை மருத்துவத்துக்கென்று தனி இளங்கலைப் பட்டம் கிடையாது. எல்லாரும் கால்நடை மருத்துவம்தான் படிக்கவேண்டும். உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். சைதாப்பேட்டையில் 1903இல் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்கு வந்த சென்னைக் கல்லூரி, 1985இல் வந்த நாமக்கல், அப்புறம் ஒரத்தநாடு, திருநெல்வேலி, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் 2020இல் வந்த தேனி என்று கல்லூரிகள் இருக்கின்றன. மாடு, ஆடு, நாய், பன்றி எல்லாம் படித்த பிறகுதான் பறவை. மேற்படிப்பில் கோழியின அறிவியலோ வன உயிரின அறிவியலோ எடுக்கலாம். என்னைக் கேட்டால் நோய்க்குறியியல் எடுங்கள் என்பேன். அதற்குக் காரணம் செத்த கோழி.

கல்லூரியில் பறவை என்றால் கோழி, கோழி என்றால் பண்ணை. நாமக்கல் பக்கத்துக் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கில் முட்டைக்கோழி நிற்கும். அங்கே ஒரு கோழிக்குச் சீக்கு என்றால் அதற்கு யாரும் தனியாக ஊசி போடுவதில்லை. அதை அறுத்துப் பார்த்து மற்றவற்றைக் காப்பாற்றுவார்கள். ஒற்றைப் பறவையைக் கையில் ஏந்திக்கொண்டு கண்கலங்கி நிற்கிற வீட்டுக்காரருக்கு முன்னால் இந்தப் படிப்பு என்னத்துக்கு ஆகும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எனக்கு இன்றுவரை கைகொடுப்பது அதுதான்.

என்னைப் பழக்கியவர் அரசுப் பணியில் ஊர் ஊராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மருத்துவர். பெரிய டாக்டர் என்றுதான் நாங்கள் சொல்லுவோம். வாடிப்பட்டி, அலங்காநல்லூர், சோழவந்தான் என்று இந்த வட்டாரத்துக் கோழிக்கு வருகிற சீக்கு அத்தனையும் அவருக்கு அத்துப்படி. யாராவது செத்த கோழியைச் சாக்குப்பையில் தூக்கிக்கொண்டு வந்தால் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அறுப்பதற்கு முன் கேள்வி கேட்பார். எத்தனை செத்துச்சு, எத்தனை நாளா, புதுசா சந்தையிலேருந்து கோழி வாங்கிட்டு வந்தீங்களா, பக்கத்து வீட்ல எப்படி. பதிலைப் பொறுத்துத்தான் கத்தி. ஒரே நாளில் நிறையச் செத்து, கொண்டை நீலம் பாரித்து, முகம் வீங்கியிருந்தால் பையைத் திறக்கவே மாட்டார். உடனே கால்நடைத் துறைக்குத் தகவல் போகும். 2006இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் முதன்முதலாக நம் நாட்டுக்குள் வந்ததிலிருந்து இந்தச் சந்தேகம் எந்தக் கோழி டாக்டருக்கும் மனதின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். அதை உறுதி செய்ய வேண்டியது போபாலில் உள்ள ஆய்வகம், நம் மேசை அல்ல.

மற்றபடி வேலை தொடங்கும். கோழியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பார். இறகுத் தூசி பறந்து மூக்கில் ஏறாமல் இருக்க. கிளி, புறா என்றால் முகக்கவசமும் கட்டிக்கொள்ள வேண்டும். கிளிக்காய்ச்சல் ஆளுக்கும் தொற்றி நுரையீரலைப் பிடிக்கும். பிறகு மல்லாக்கப் போட்டு, இரண்டு தொடையையும் வெளிப்பக்கம் மடக்கி இடுப்பு மூட்டைக் கழற்றுவார். ‘படக்’ என்று சத்தம் கேட்கும். அதோடு கோழி ஆடாமல் படுத்துக்கொள்ளும். மார்புக்குக் கீழே தோலில் ஒரு சின்னக் கீறல். அப்புறம் கத்திக்கு வேலையில்லை, இரண்டு கையாலும் தோலைப் பிடித்துக் கழுத்துவரை உரித்துவிடுவார். விலா எலும்பைக் கத்தரித்து, மார்பெலும்பைத் தூக்குகிற இடத்தில்தான் அவர் கை மெதுவாகும். கீழே காற்றுப்பைகள் இருக்கும். நல்ல கோழியில் அவை இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருக்கும். கலங்கலாக இருக்கிறதா, மஞ்சள் கட்டி இருக்கிறதா, பச்சையோ சாம்பலோ பூசணம் படர்ந்திருக்கிறதா என்று கிழிவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். வேகமாகத் தூக்கினால் எல்லாம் கிழிந்துபோகும். அங்கே என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது முன் இரைப்பை. நீளவாக்கில் வெட்டி, சளியைக் கத்தியின் முதுகால் வழித்துவிட்டுப் பார்த்தால் சின்னச் சின்ன மேடுகள் நெருக்கமாக இருக்கும். மேட்டின் நுனியில் இரத்தப் புள்ளி இருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிடலாம். குடல் முடிகிற பக்கம் இரண்டு குருட்டுக்குடல்கள் இருக்கும். குஞ்சுகளில் அவை இரத்தம் கட்டிக் கறுத்து உப்பியிருந்தால் இரத்தக்கழிச்சல். தொடைக்குள் ஓடுகிற நரம்பை இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிடவேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் மேரக்ஸ் நோய். சிறுநீரகத்திலும் இதய உறையிலும் சுண்ணாம்பாக வெள்ளை படிந்திருந்தால் யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கிறது.

என்னோடு பழகிய ஒருவர் நல்ல கெட்டிக்காரர், கை வேகம். ஒரு வெடக்கோழியைத் திறந்ததும் குடல் நிறைய உருண்டைப்புழு. ‘புழு சார், குடற்புழு மருந்து எழுதிடலாமா?’ என்று கையுறையைக் கழற்றிவிட்டார். பெரிய டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் திரும்ப வைத்தார். முன் இரைப்பையைத் திறந்தால் புள்ளி புள்ளியாகச் சிவப்பு. அந்தக் கோழிக்குப் புழு இருந்தது உண்மை. அதைக் கொன்றது வேறு. நாட்டுக்கோழி எதைத் திறந்தாலும் புழு இருக்கும். முதலில் கண்ணில் பட்டதோடு நிறுத்திக்கொள்பவருக்கு ஊர்க் கோழிகள் அத்தனைக்கும் ஒரே சீக்குதான் என்று தோன்றிவிடும்.

வெள்ளைக்கழிச்சலுக்குக் குமாவுன் மலையிலுள்ள ராணிகேத் ஊரின் பெயரை இங்கே வைத்திருக்கிறார்கள். 1920களின் கடைசியில் நம் நாட்டில் அது கண்டறியப்பட்ட இடம் அதுதான். வெளிநாட்டில் அதே நோய்க்கு இங்கிலாந்தின் நியூகாசில் பெயர். வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பூசி மட்டுமே. பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்குக் கீழே தோலுக்கடியில் ஊசி. கோடைக்கு முன்னால் பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் நடத்தும். பஞ்சாரம் திறப்பதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும். திறந்துவிட்டால் அப்புறம் கோழியை யார் பிடிப்பது? கரைத்த மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். சூட்டில் கிடந்த மருந்தைப் போட்டால் ஊசி குத்திய பாவம் மட்டும்தான் மிச்சம். ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்கியிருந்தால் தடுப்பூசி நன்றாகப் பிடிக்கும். இங்குள்ள ஆத்தாக்கள் கீழாநெல்லி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், மஞ்சள் எல்லாம் அரைத்துக் கொடுப்பார்கள். நான் தடுப்பதில்லை, சோர்ந்த கோழி இரண்டு வாய் உள்ளே இறக்கினால் நல்லதுதான். ஆனால் ‘அதான் கொடுத்துட்டோமே, ஊசி எதுக்கு சாமி?’ என்று கேட்கும்போது உட்கார்ந்து பேசத்தான் வேண்டியிருக்கும்.

உயிருள்ள பறவைக்கு வருவோம். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நுரையீரல் முதுகோடு ஒட்டி அசையாமல் இருக்கும். பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது காற்றுப்பைகள். மார்பெலும்பு ஏறி இறங்க, அவை கொல்லன் துருத்தி போலக் காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. ஆகவே மார்பை இறுக்கினால் மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் பறவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். புத்தகத்தில் இது ஒரு வரி. கையில் வர எனக்குக் காலம் பிடித்தது.

அந்தக் கை எனக்கு வந்தது ஒரு கட்டுச்சேவல்காரரிடமிருந்து. அவர் வலது உள்ளங்கையைச் சேவலின் மார்புக்குக் கீழே கொடுத்து, இரண்டு காலையும் விரல் இடுக்கில் வாங்கிக்கொள்வார். இடது கை முதுகில் சும்மா படுத்திருக்கும். சேவல் அவர் கையில் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கடைசி வருட மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தாலும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். சேவல் மோதவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். கண்ணோரம் கிழிந்த சேவலைக் கொண்டுவந்து, ‘வேலியில கிழிச்சுக்கிருச்சு டாக்டரே’ என்பார். எந்த வேலி என்று எனக்கும் தெரியும். திட்டிக்கொண்டே தைப்பேன். தைக்கிற நேரத்தில் அவர் விரல் எங்கே இருக்கிறது, சேவல் திமிறினால் எந்த விரல் முதலில் இளகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். திமிறும்போது அவர் இறுக்குவதில்லை, கையோடு சேர்ந்து கொஞ்சம் போவார். அதைத்தான் கற்றுக்கொண்டேன்.

சின்னப் பறவைக்கு அளவு மாறும், முறை மாறாது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற பட்ஜிகள் 30, 40 கிராம்தான் இருக்கும். கூண்டைத் திறக்கும் முன் மின்விசிறியை நிறுத்து, சன்னலைச் சாத்து. பயிற்சிக்கு வருகிற எவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். ஓடுகிற விசிறியில் பறவை அடிபட்டால் அதற்கப்புறம் மருத்துவம் பேச ஒன்றுமில்லை. அடுத்து, எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்: சிரிஞ்சில் மருந்து ஏற்றியாயிற்றா, தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, பஞ்சு, டேப். பறவை கையில் இருக்கும்போது எதையும் தேடக்கூடாது. பிறகு விளக்கை அணை. இருட்டில் பட்ஜி இருந்த இடத்திலேயே நிற்கும், ஒரு கைத்துண்டோடு போய் எடுத்துவிடலாம். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கழுத்து, உடம்பு உள்ளங்கையில். மற்ற விரல்கள் மூடியிருக்கும், அமுக்காது.

எடுத்த உடனே கட்டைவிரல் மார்பெலும்புக்குப் போகட்டும். இரண்டு பக்கமும் சதை மேடாக இருக்கிறதா, எலும்பு கத்தியாக நீட்டிக்கொண்டிருக்கிறதா? பறவையின் மூன்று மாதக் கதையை அந்த ஒரு தடவலில் படித்துவிடலாம். இறகு உப்பலாக இருப்பதால் வெளியே பார்த்தால் குண்டாகத் தெரியும். ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்’ என்று வீட்டுக்காரர் சொல்வது பொய்யல்ல. காட்டில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். அதனால் முடியாமல் போகிறவரை அது காட்டிக்கொள்ளாது. கூண்டுத் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது என்றால் நோய் நேற்று வந்ததல்ல.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குகிற பறவையைத் தொடக்கூடாது. முதலில் கதகதப்பான பெட்டி, ஆக்சிஜன், இருட்டு. அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ அப்படியே இருக்கட்டும். வீட்டுக்காரர் நெளிவார். ‘என்ன டாக்டர், பாக்கவே மாட்டேங்கிறீங்க?’ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லத் தெரியவேண்டும். கதகதப்புக்கு 60 வாட் குண்டு பல்பு போட்ட பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். எல்.இ.டி. வந்த பிறகு அந்தப் பல்பு கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. சித்திரை வைகாசியில் இங்கே பல்பே வேண்டியதில்லை, அப்போது பிரச்சினை நேர் எதிர். சோழவந்தானிலிருந்து உச்சிவெயிலில் இருசக்கர வண்டியில் அட்டைப்பெட்டிக்குள் வருகிற பறவைக்கு, கொண்டுவந்த சீக்கைவிட வந்த வழி பெரிய சீக்கு. பறவைக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை இறக்கும். காலையிலோ சாயங்காலமோ வாருங்கள் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்வேன்: கூண்டைக் கழுவாமல் கொண்டு வாருங்கள். மரியாதைக்காகக் கூண்டைத் தேய்த்துக் கழுவி, புதுத்தாள் விரித்துக் கொண்டுவருகிறவர்கள் எனக்கு வேண்டிய எல்லாவற்றையும் வீட்டிலேயே கொட்டிவிட்டு வருகிறார்கள். எச்சத்தில் மூன்று இருக்கும். மலம், அதன்மேல் வெள்ளையாக யூரேட், சுற்றிலும் தண்ணீராகச் சிறுநீர். மலம் குறைந்து வெள்ளை மட்டும் இருந்தால் பறவை தின்னவில்லை. வீட்டுக்காரர் ‘நல்லாச் சாப்பிடுது’ என்பார். கிண்ணத்தைப் பார்த்தால் நிறைந்திருக்கும். ஊதிப் பார்த்தால் எல்லாம் தினை உமி. வெள்ளை இருக்கவேண்டிய இடம் எலுமிச்சைப் பச்சையாக இருந்தால் கல்லீரலைச் சந்தேகப்படு, கிளிக்காய்ச்சலை நினை. பயணப் பதற்றத்தில் தண்ணீராகப் போவதை வயிற்றுப்போக்கு என்று எழுதிவிடாதே. இதெல்லாம் இரண்டு நாள் தாளில் இருக்கும். பெரிய டாக்டர் அந்தத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். வாசகசாலையில் பத்திரிகை படிக்கிறாரோ என்று வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

மருந்தளவு பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இங்கே ஒரு சொட்டு தவறினால் கதை முடிந்தது. வலி குறைக்க மெலோக்சிகாம் போடுகிறோம். ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று கணக்கு வைத்தால் 35 கிராம் பட்ஜிக்கு 0.035 மில்லிகிராம், அதாவது 0.007 மில்லி. சாதாரணச் சிரிஞ்சால் அதைச் சரியாக எடுக்க முடியாது. 1 மில்லி மருந்தோடு 9 மில்லி நீர்மம் கலந்து பத்து மடங்கு இளக்கினால் 0.07 மில்லி ஆகும். இப்போது இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கலாம். அதிலும் கவனம் வேண்டும். 40 யூனிட் சிரிஞ்சில் ஒரு யூனிட் 0.025 மில்லி, 100 யூனிட் சிரிஞ்சில் ஒரு யூனிட் 0.01 மில்லி. இரண்டும் ஒரே பெட்டியில் கிடந்தால் ஒரு நாள் விபத்து நடக்கும். என் மேசையில் ஒரே வகைதான். கணக்கை மனதில் போடாமல் தாளில் போட்டு, இன்னொருவர் பார்த்த பிறகுதான் ஊசி. கிராம் காட்டாத தராசு வைத்துக்கொண்டு பறவை பார்க்கக்கூடாது. ஊசியை மார்புச் சதையில் போடுங்கள். காலில் போட்டால் அந்தப் பக்கத்து இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போவதால் மருந்து வீணாகலாம். அதே பட்ஜியின் உடம்பில் மொத்த இரத்தம் ஏறக்குறைய 3 மில்லிதான். குருத்து இறகு உடைந்து சொட்டுகிற ஆறேழு சொட்டு அதற்குப் பத்தில் ஒரு பங்கு. நாய்க்குச் சோதனைக்கு இழுக்கிற நினைப்பில் இரத்தம் இழுத்தால் சோதனை முடிவு வருவதற்குப் பறவை இருக்காது.

பட்ஜியின் கால் முறிவுக்கு டேப் கட்டு போடுவது எனக்குப் பிடித்த வேலை. மெல்லிய காகிதப் பிளாஸ்திரி இரண்டு துண்டு. ஒன்று காலுக்கு உள்பக்கம், ஒன்று வெளிப்பக்கம். கால் உட்கார்ந்திருக்கிற வாக்கில் லேசாக மடங்கியிருக்க, இரண்டையும் ஒட்டி, காலுக்கு முன்னும் பின்னும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் நெருக்கிக் கவ்விப் பிடிக்கவேண்டும். இன்னும் இரண்டு அடுக்கு ஒட்டி ஓரத்தைக் கத்தரித்தால் ஆயிற்று. காலை நேராக நீட்டிக் கட்டிவிட்டால் எலும்பு சேரும், ஆனால் பறவை கம்பில் உட்கார முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் எலும்பு பிடித்துவிடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கட்டுப்போட்டுப் பழகியவர்களுக்கு அந்த வேகம் ஆச்சரியமாக இருக்கும். இறக்கைக் கட்டு வேறு. அதை உடம்போடு சேர்த்துச் சுற்றும்போது மார்பு இறுகிவிடக்கூடாது. ரொம்ப நாள் விட்டால் இறக்கையின் முன்விளிம்புத் தோல் சுருங்கி, எலும்பு கூடினாலும் பறக்காமல் போய்விடும்.

சீக்கில் பாதி கூண்டிலும் தீனியிலும் இருக்கிறது. வருடக்கணக்கில் வெறும் தினை. கடல் நுரை என்கிற கணவாய் ஓடு ஒன்று தொங்கவிட்டிருந்தால் போயிருக்கும் சுண்ணாம்புக் குறை, முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்வதில் வந்து நிற்கும். பெட்டை தரையில் காலை அகட்டி உட்கார்ந்து முக்கும். கதகதப்பும் ஈரக்காற்றும் கால்சியமும் கொடுத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். வீட்டில் விளக்கெண்ணெய் தடவி அமுக்கி, உள்ளேயே முட்டையை உடைத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். அதற்குப் பிறகு கழுவியெடுப்பது பெரிய வேலை, பிழைப்பது சந்தேகம்.

காத்திருப்பது என்றதும் ஒரு காக்டீல் குஞ்சு நினைவுக்கு வருகிறது. கையால் கஞ்சி ஊட்டி வளர்த்த குஞ்சு. மைக்ரோவேவில் சூடாக்கியிருக்கிறார்கள், மேலே தொட்டால் இளஞ்சூடு, நடுவில் கொதி. தீனிப்பை வெந்து, தோலோடு ஓட்டை விழுந்து, ஊட்டிய கஞ்சி மார்பு வழியாக ஒழுகியது. பார்த்ததும் தைத்து மூடத்தான் கை பரபரக்கும். பெரிய டாக்டர் தைக்கக் கூடாது என்றுவிட்டார். வெந்த தோலில் எது சாகும், எது பிழைக்கும் என்று அன்றைக்கே தெரியாது. செத்த தோலில் போட்ட தையல் நிற்காது. ஓரத்தில் கறுத்துக் காய்ந்து ஒரு கோடு விழுகிறவரை, சில நாள் பொறுக்கச் சொன்னார். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்டி, ஓட்டையை விரலால் மறைத்துப் பிடித்துக்கொள்வது எங்கள் வேலை. கோடு தெளிந்ததும் கறுப்பை வெட்டி, தீனிப்பையைத் தனியாக, தோலைத் தனியாக இரண்டு அடுக்கில் தைத்தார். இரண்டையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டால் தீனிப்பை விரிகிறபோது தோல் இழுத்துக் கிழிக்கும். குஞ்சு பிழைத்தது. இப்போது அந்த வீட்டில் கஞ்சியை ஊட்டுவதற்கு முன் நன்றாகக் கலக்கி மணிக்கட்டில் விட்டுப் பார்க்கிறார்களாம்.

மொட்டைமாடிப் புறாக்காரர்கள் தனி உலகம். பந்தயப் புறா, கர்ணமடிக்கிற புறா என்று ஒவ்வொன்றின் வம்சமும் சொல்வார்கள். தொண்டைக்குள் மஞ்சளாகப் பாலாடைக் கட்டி வருகிற நோயில் அவர்கள் தீக்குச்சியால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். இரத்தம் பெருகி மூச்சுக்குழலில் இறங்கும். கட்டியைத் தொடாதீர்கள், மருந்தில் கரையும் என்று எத்தனை சொன்னாலும் பாதிப் பேர் சுரண்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

காட்டுப் பறவைக்குச் சட்டம் உண்டு. சமயநல்லூர் நாலுவழிச் சாலையில் மயில் அடிபட்டால் எங்கள் வாசலுக்கு வரும். முதலுதவி செய்து வனத்துறையிடம் ஒப்படைக்கவேண்டும், நம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. மயிலைத் தோகையில் பிடித்தால் கையில் தோகைதான் இருக்கும். காலைப் பிடி, முள்ளைப் பார்த்துக்கொள். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘குழந்தை மாதிரி வளர்க்கிறோம்’ என்று கொண்டுவருவார்கள். பறவையைப் பார்ப்பேன், சட்டத்தையும் சொல்வேன். சிலர் மறுபடி வருவதில்லை.

ஒரு மருந்தை எழுதும்போது அது எங்கே போய் முடிகிறது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 1990களில் நம் நாட்டுப் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. செத்தவற்றைத் திறந்தால் சிறுநீரகத்திலும் உள்ளுறுப்புகள்மேலும் அந்தச் சுண்ணாம்பு வெள்ளை. மாட்டுக்குப் போட்ட டைக்குளோஃபினாக், மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004இல் தெரிந்தது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா 2006இல் தடை செய்தது. மாற்றாக வந்ததில் கழுகுக்குக் கேடில்லாதது என்று தேறியது மெலோக்சிகாம். இன்று பட்ஜிக்கு இளக்கிப் போடுகிறேனே, அதே மருந்து. நம் மாநிலத்தில் மிச்சமிருக்கிற பாறுகள் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. செத்த பறவையை ஒருவர் பொறுமையாகத் திறந்து பார்த்ததில்தான் அந்த நூல் பிடிபட்டது.

பணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். பறவையை மட்டும் நம்பி இங்கே கிளினிக் நடத்த முடியாது. என் வாடகையை நாய்கள் கட்டுகின்றன, மின்கட்டணத்தை ஆடுகள். நல்ல சம்பளம் வேண்டும் என்றால் கோழித்தீவன, தடுப்பூசிக் கம்பெனிகளில் கிடைக்கும். அதில் குறையொன்றுமில்லை. அங்கே பார்க்கிற கோழிகளின் எண்ணிக்கையை நான் வாழ்நாளில் பார்க்க மாட்டேன். ‘பறவையே முந்நூறு ரூபாதான், பார்க்கிறதுக்கு அதுக்கு மேலயா?’ என்று கேட்பார்கள். கட்டணத்தைக் குறைப்பதில்லை. குறைத்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்து அனுப்பத்தான் தோன்றும். இது ஐந்து நிமிட வேலை இல்லை.

இப்போது என்னிடம் ஒரு தம்பி பழகுகிறான். வாடிப்பட்டிப் பக்கம், வீட்டில் கோழி உண்டு. எச்சத் தாளை நன்றாகப் படிக்கிறான். டேப் கட்டு என்னைவிட அழகாக வருகிறது. செத்த கோழியில் காற்றுப்பையைக் கிழிக்காமல் மார்பெலும்பைத் தூக்கிக் காட்டிவிட்டான். ஆனால் பறவை திமிறினால் கை இன்னும் இறுகுகிறது. நூறு கிராமுக்குக் கீழே உள்ள எதையும் அவன் கையில் கொடுக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரத்தக்கழிச்சல் குஞ்சுகளும் கொசுக்கடியில் அம்மை கண்ட கோழிகளும் வரிசையாக வரும். அதெல்லாம் பிடித்து முடிக்கட்டும், தையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.